லொவேனா நிற்காத நாள்

ஹில்யா மேஜைத்துணியை ஒரு உதறு உதறினாள். கம்பத்தின் கயிற்றில் முடிச்சுப் போட்டு விறுவிறுவென்று மேலே இழுத்தாள். மலையிலிருந்து இறங்கிய காற்று துணியைப் பற்றிக்கொண்டு படபடவென்று அடித்தது. பச்சைத் தண்ணீருக்கும் கறுத்த மலைக்கும் நடுவே அந்த வெள்ளை எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்.

"அம்மா, கப்பல் வந்துடுச்சா?" உள்ளேயிருந்து இர்யா கேட்டாள். ஏழு வயதுக் குழந்தையின் குரல் மாதிரியே இல்லை.

"வந்துட்டே இருக்கு கண்ணு. நீ அசையாம படு."

பிளாண்டன் வளைகுடாவில் யார் வீட்டு வாசலுக்கும் பாதை கிடையாது. மலை செங்குத்தாகக் கடலில் இறங்கியது. மரம் வெட்டுகிறவர்கள் தேவதாருக் கட்டைகளைச் சேர்த்துக் கட்டி, அதன்மேல் வீட்டை எழுப்பி, வீட்டையே தண்ணீரில் மிதக்க விட்டிருந்தார்கள். மாவு மூட்டையிலிருந்து மாப்பிள்ளை வரை எல்லாமே லொவேனா என்ற நீராவிக் கப்பலில்தான் வரவேண்டும். அது வாரத்துக்கு ஒருமுறை வளைகுடாவின் உச்சிவரை போய், மறுநாள் காலை வான்கூவருக்குத் திரும்பும். நிற்க வேண்டுமா? மிதவையின் நுனியில் உள்ள கம்பத்தில் ஒரு துணியை ஏற்று. அவ்வளவுதான். மாவுச் சாக்கை ஏற்றினவர்கள் உண்டு, படுக்கை விரிப்பை ஏற்றினவர்கள் உண்டு. வேறு துணி அகப்படாமல் தன் கால்சட்டையையே ஏற்றி நிறுத்திவிட்டு, வெறுந்தொடையோடு கப்பலேறின மகானும் ஒருவன் உண்டு. துணி தெரிந்தால் லொவேனா நிற்கும்.

நேற்றுச் சாயங்காலம் இர்யா வயிறு வலிக்கிறது என்றாள். ஹில்யா வெந்நீர் கொடுத்தாள். குழந்தை அதை வாந்தி எடுத்தது. விடிந்தபோது வலது காலை மடக்கி வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, நீட்டச் சொன்னால் அலறியது. இரண்டு வருஷத்துக்கு முன் மரம் வெட்டும் முகாமில் ஒருவன் இப்படித்தான் காலை மடக்கிக்கொண்டு கிடந்தான். குடல்வால் வெடித்துச் செத்துப்போனான். வளைகுடாவின் வாயைத் தாண்டினால் மிஷன் ஆஸ்பத்திரி. லொவேனா மத்தியானச் சாப்பாட்டுக்குள் அங்கே போய்விடும். டாக்டர் கத்தி வைத்தால் குழந்தை பிழைக்கும்.

கப்பல் நிற்க வேண்டும். ஹில்யாவுக்கு அந்த ஒன்றைத் தவிர வேறு நினைவே இல்லை.

கப்பலில் வைனோவும் இருப்பான். அவள் புருஷன். முகாமிலிருந்து ஏறி, வான்கூவருக்கு வருகிற ராஜாவையும் ராணியையும் பார்க்கப் போகிறான். போன ஞாயிற்றுக்கிழமை இதே சமையலறையில் அதைப் பற்றித்தான் சண்டை.

"ஊரே போகுது ஹில்யா! முகாமையே மூடறாங்க. சமையல்காரன்கூட சட்டைக்குக் கஞ்சி போட்டுட்டான். நீயும் குட்டியும் நம்ம மிதவையிலயே ஏறிக்குங்க, போயிட்டு வந்துடலாம்."

"எதுக்கு?"

"எதுக்கா? இந்த நாட்டை ஆளுற ராஜா இந்த நாட்டுக்கே இப்பத்தான் முதல்முதலா வர்றாரு. நம்மளை மாதிரியே கரையோரக் கப்பல் ஏறித்தான் விக்டோரியாவுக்குப் போகப் போறாங்களாம். ராணிக்கும் நம்மளை மாதிரி குமட்டுமா இல்லையான்னு பாக்க வேண்டாமா?"

ஹில்யா ஏலக்காய் போட்ட மாவைப் பலகையில் அறைந்து பிசைந்தாள். "ஏய்யா, மே தினத்துக்குச் சிவப்புத் துணியைக் கழுத்துல சுத்திக்கிட்டு, தொண்டை கிழியப் பாடினது யாரு? உன் அண்ணனா?"

வைனோ காதைச் சொறிந்தான். "ராஜாவை யாருடி பாக்கப் போறா? நான் அந்தக் குதிரைப் போலீசைப் பாக்கப் போறேன்."

இர்யா மேஜைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினாள். "நான் ராணியோட தொப்பியைப் பாக்கணும்மா. நீல நிறமாம்."

"நீ பேசாம இரு. எங்கப்பாவைப் பனியில நடக்கவச்சு சைபீரியாவுக்கு அனுப்பினவனும் ஒரு ராஜாதான். எனக்கு ராஜா வாசனையே ஆகாது."

"அது ரஷ்ய ராஜாடி! இவரு இங்கிலீஷ் ராஜா."

"எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. மாமன் மச்சானுங்க. நான் வரலை. குட்டியும் வரமாட்டா."

வைனோ படகில் இறங்கும்போதும் விடவில்லை. "வராட்டி போ. கப்பல் போறப்ப வெளியே வந்து கையையாவது ஆட்டு. மேல முகாம் பக்கம் வந்து பாரு, கல்யாண வீடு மாதிரி மிதவைக்கு மிதவை கொடி. என் வீடு மட்டும் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னா பசங்க என்னை ஓட்டித் தள்ளிடுவானுங்க."

"துவைச்ச துணி காயும். அதைப் பாத்துச் சந்தோஷப்பட்டுக்கோ."

இர்யா மட்டும் படகு வளைவில் மறையும்வரை கையாட்டிக்கொண்டு நின்றாள்.

இப்போது அதே வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கப்பலின் ஊதல் கேட்டது. ஒரு நீண்ட ஊதல்.

ஹில்யாவுக்கு உயிர் வந்தது. ஒரு நீண்ட ஊதல் என்றால் வருகிறேன், தயாராக இரு என்று அர்த்தம். உள்ளே ஓடி, இர்யாவைப் போர்வையில் சுற்றி, இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு மிதவையின் நுனிக்கு வந்தாள். நடையின் ஒவ்வொரு அதிர்விலும் குழந்தை பல்லைக் கடித்தது.

லொவேனா வளைவு திரும்பியது. ஹில்யா அதை அப்படிப் பார்த்ததே இல்லை. பாய்மரத்திலிருந்து புகைபோக்கிவரை வண்ணக் கொடிகள். மேல்தளம் முழுக்கத் தலைகள். ஒருவன் அக்கார்டியன் வாசித்தான். முகாம் ஆட்கள் எல்லோரும் கழுத்துப்பட்டியும் தொப்பியுமாக, அடையாளமே தெரியாமல் நின்றார்கள்.

வைனோவை அவளுக்குத் தெரிந்தது. கம்பியில் பாதி ஏறி நின்றுகொண்டு தொப்பியைச் சுழற்றினான்.

கப்பல் வேகத்தைக் குறைக்கவில்லை.

"வைனோ!" என்று கத்தினாள். அக்கார்டியன் அதை விழுங்கிவிட்டது. கையில் குழந்தை இருக்கிறதே, எதைக் கொண்டு சைகை காட்டுவாள்? குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு கையைத் தலைக்கு மேலே வீசினாள். கப்பலில் இருந்த எல்லோரும் கையை வீசினார்கள். குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். கப்பலில் ஆரவாரம் எழுந்தது. யாரோ வைனோவின் முதுகில் தட்டினார்கள். கப்பல் இன்னொரு தடவை நீளமாக ஊதி மரியாதை செய்தது.

இர்யா போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை வெளியே எடுத்தாள்.

"அப்பா போறாரும்மா," என்று சொல்லிக் கையை ஆட்டினாள்.

கப்பலின் அலை வந்து மிதவையை ஏற்றி இறக்கியது. பிறகு அதுவும் அடங்கிவிட்டது.

ஹில்யா அழவில்லை. அதற்கு நேரமில்லை. துடுப்புப் படகில் மெத்தையைப் போட்டு, குழந்தையைக் கிடத்தி, வளைகுடாவின் வாயை நோக்கித் துடுப்புப் போட ஆரம்பித்தாள். கடல் உள்ளே ஏறுகிற நேரம். ஒரு முழம் போனால் அரை முழம் பின்னால் தள்ளியது. வழியில் இருந்த மிதவைகளில் ஆளில்லை. இயந்திரப் படகு வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே வான்கூவருக்குப் போய்விட்டார்கள்.

ஒரே ஒரு மிதவையில் மட்டும் புகை வந்தது. ஹஸ்கெட் அம்மாளின் மிதவை. வளைகுடாவிலேயே அதிகமாகக் கொடி கட்டியிருந்த வீடும் அதுதான். இங்கிலாந்தில் பிறந்தவள். ராஜா பேரைக் கேட்டால் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்து நிற்பாள். ஆனால் முழங்கால் வாதத்தால் கப்பல் ஏணி ஏற முடியாமல், புருஷனை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் கிடந்தாள். ஹில்யாவை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "அந்தச் சிவப்புக்காரி" என்றுதான் சொல்வாள்.

"என்னம்மா, இந்நேரத்துக்குப் படகை எடுத்துக்கிட்டு? ராஜாவுக்கு வெடிவைக்கப் போறியா?" என்று ஆரம்பித்தவள், மெத்தையைப் பார்த்ததும் நிறுத்தினாள். "ஐயோ! குழந்தைக்கு என்ன?"

"குடல்வாலுன்னு நினைக்கிறேன். கப்பலுக்குத் துணி ஏத்தினேன். நிக்கலை."

"நிக்கலையா? லொவேனாவா? துணியைப் பாத்துமா?"

"பாத்தாங்க. கையாட்டினாங்க."

ஹஸ்கெட் அம்மாள் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். கூரையிலும் சன்னலிலும் கம்பத்திலும் கொடி கொடியாகப் பறந்துகொண்டிருந்தது. அவள் முகம் வெளுத்தது. ஒன்றும் சொல்லவில்லை. முழங்காலைக் கையால் பிடித்துத் தூக்கிப் படகுக்குள் வைத்தாள்.

"நகரு. ஒரு ஜோடித் துடுப்பை எங்கிட்ட கொடு. எனக்கு முழங்கால்தான் கெட்டது, தோள் கெடலை."

இரண்டு பெண்களும் முதுகும் முகமுமாக உட்கார்ந்து தள்ளினார்கள். வெயில் ஏறியது. உள்ளங்கை உரிந்தது. நடுவழியில் இர்யா கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, வலி போயிடுச்சு."

"போயிடுச்சா? நிஜமாவா?" ஹில்யா துடுப்பை விட்டுவிட்டுக் குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். "கேட்டீங்களா? வலி போயிடுச்சாம்!"

ஹஸ்கெட் அம்மாள் துடுப்பை இன்னும் வேகமாகப் போட்டாள். குழந்தையின் நெற்றியில் வியர்வை பொட்டுப் பொட்டாக நின்றது. சற்று நேரத்தில் உடம்பு நெருப்பாகக் கொதிக்க ஆரம்பித்தது. உள்ளே வெடித்துவிட்டதால்தான் வலி போயிருக்கிறது என்று ஹில்யாவுக்கு அப்போது புரிந்தது.

"பாட்டி, ராணி எப்படி இருப்பாங்க?" இர்யா கேட்டாள்.

"ராணியா? ராணி..." ஹஸ்கெட் அம்மாளுக்கு மூச்சு வாங்கியது. "உருண்டையா, சின்னதா, சிரிச்ச முகமா இருப்பாங்க கண்ணு. கழுத்துல மூணு வரிசை முத்து. நம்ம பக்கம் வரும்போது கையை இப்படி, மெதுவா, பூ பறிக்கிற மாதிரி ஆட்டுவாங்க."

"தொப்பி?"

"தொப்பியில இறகு வச்சிருப்பாங்க."

"நீலமா?"

ஹஸ்கெட் அம்மாளுக்குத் தெரியாது.

"நீலந்தான்," என்றாள் ஹில்யா. "வானம் மாதிரி நீலம். இன்னும் சொல்லுங்கம்மா. அவளுக்குச் சொல்லுங்க."

வளைகுடாவின் வாயில் மீன் வாங்கும் படகு ஒன்று நின்றது. அதிலிருந்த ஜப்பான்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் இயந்திரத்தை முடுக்கி, அவர்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரித் துறைக்குப் பறந்தார். டாக்டர் மேல்கோட்டைக்கூடப் போடாமல் துறைக்கே ஓடிவந்து போர்வையை விலக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாக மூடினார். காலையிலேயே கொண்டு வந்திருக்கக் கூடாதா என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

இர்யா மறுநாள் விடியும்போது போய்விட்டாள்.

வான்கூவரில் அன்றுதான் ராஜாவும் ராணியும் இறங்கினார்கள். ஆஸ்பத்திரி ரேடியோவில் பாண்டு வாத்தியமும் கூட்டத்தின் இரைச்சலும் கேட்டன. நர்சு ஓடிப்போய் அதை நிறுத்தினாள்.

"கப்பலுக்குக் கம்பியில்லாத் தந்தி அடிச்சு உங்க புருஷனுக்குச் சொல்லிடவா?" என்று டாக்டர் கேட்டார்.

"வேண்டாம். நானே சொல்றேன்."

சொல்ல வேண்டியதை அவள் அப்போதே தயார் செய்துவிட்டாள். ‘உன்னைத்தான்யா கூப்பிட்டேன். நீ கையாட்டிட்டுப் போயிட்டே.’ இவ்வளவுதான். குழந்தையைக் குளிப்பாட்டும்போதும், தலை வாரிவிடும்போதும், ஆஸ்பத்திரித் தச்சன் சின்னப் பெட்டிக்கு அளவெடுக்கும்போதும் அதைத்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்ல அதற்குக் கூர் ஏறியது.

"நீ சொல்லலேன்னா நான் சொல்லுவேன்," என்றாள் ஹஸ்கெட் அம்மாள். வீங்கிய முழங்காலோடு அவளும் ஊருக்குத் திரும்பாமல் கூடவே இருந்தாள். "என் புருஷனா இருந்தா அந்தத் துறையிலயே வச்சுத் துடுப்பாலயே சாத்தியிருப்பேன். கண்ணு இருந்தா போதுமா, பொண்டாட்டி முகம் தெரிய வேண்டாமா?"

மூன்று நாள் போய், லொவேனா ஒரு பகல் வேளையில் ஆஸ்பத்திரித் துறைக்கு வந்து நின்றது. ஏணி வைக்கும் முன்பே வைனோ குதித்துவிட்டான். கூட்டத்தில் ஹில்யாவைப் பார்த்ததும் அவன் முகம் விரிந்தது.

"அட! என்னை அழைக்கவா இவ்வளவு தூரம் வந்தே? எப்படி வந்தே?" அவளைப் பேசவிடாமல் அவனே கொட்டினான். "ராஜாவை இவ்வளவு கிட்டத்துல பாத்தேன்டி! பாவம், நம்ம கணக்கப்பிள்ளை மாதிரி ஒல்லியா இருக்காரு. ஆனா அதெல்லாம் ஒண்ணுமில்ல. அன்னிக்குக் காலையில நீ துணி ஏத்தியிருந்தியே, அதான்! கேப்டன் சரியான கோபத்துல இருந்தாரு. மேல மூணு மிதவையில கொடியைப் பாத்துட்டு நின்னா, ‘ராஜாவுக்குக் கட்டினோம், நீங்க போங்க’ன்னு சிரிக்கிறானுங்க. நேரம் போச்சு. நம்ம வீடு வந்ததும், ‘வைனோ, உன் வீடுதானே, நிக்கணுமா?’ன்னு எங்கிட்டயே கேட்டாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா?"

ஹில்யா அவன் முகத்தையே பார்த்தாள்.

"‘வேண்டாம் கேப்டன், அது என் பொண்டாட்டி. என்மேல கோபம் தீந்துட்டுதுன்னு சொல்றா’ன்னேன்! எல்லாப் பயலும் கைதட்டினான். குட்டியைக்கூடப் போர்வையில சுத்தித் தூக்கிக் காட்டினியே! நான் ஏன் பொய் சொல்லணும், எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு." சுற்றிலும் பார்த்தான். "குட்டி எங்கே? உள்ளே ஒளிஞ்சிருக்காளா?"

அவனுக்குப் பின்னால் முகாம் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஹஸ்கெட் அம்மாள் ஒரு அடி முன்னால் வந்தாள். துறையில் நின்ற நர்சு தலையைக் குனிந்தாள். வைனோ நர்சைப் பார்த்தான். பிறகு ஹில்யாவின் கைகளைப் பார்த்தான். உள்ளங்கைகளில் கட்டுப் போட்டிருந்தது. சிரிப்பு அவன் முகத்திலேயே இருந்தது, ஆனால் அதற்குள் உயிர் இல்லை.

"ஹில்யா? குட்டி எங்கே?"

கூர் ஏற்றி வைத்த வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக நின்றது. ஆனால் அவளிடம் இன்னொரு வாக்கியமும் இருந்தது. அவளே மாவு பிசைந்துகொண்டு சொன்னது: ‘நான் வரலை. குட்டியும் வரமாட்டா.’ இத்தனை நாளும் சாப்பிட உட்கார்ந்தாலும் கண்ணை மூடினாலும் அதுதான் காதில் விழுந்தது. அதைச் சுமந்துகொண்டு ஒரு மனுஷி எப்படி மூச்சு விடுகிறாள் என்பது அவளுக்குத் தெரியும். இவனுக்கு அது தாங்காது. இவன் சிரித்துப் பேசியே வாழ்ந்தவன்.

"கப்பல் போனப்புறம்தான்..." என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "மத்தியானத்துக்கு மேலதான் வயித்துவலி வந்துச்சு வைனோ. குடல்வாலு. படகுல கொண்டாந்தோம். தாமதமாயிடுச்சு. நம்ம குட்டி போயிட்டா."

ஹஸ்கெட் அம்மாள் சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தாள். ஹில்யாவும் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. கண்டிப்பு இருந்தது. கிழவி உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

வைனோ துறைப் பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"காலையில நல்லாத்தானே இருந்தா? நான் பாத்தேனே. கையாட்டினாளே."

"நல்லாத்தான் இருந்தா."

"அரை நாள். அரை நாள் முன்னாடி அந்த வலி வந்திருந்தா கப்பலை நிறுத்தி ஏத்தியிருப்பேனே."

"ஆமா."

குழந்தையை ஆஸ்பத்திரிக்கு மேலே, குன்றின் சரிவில் புதைத்தார்கள். கேப்டன் கப்பலை நிறுத்தி வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றார். முகாம் ஆட்கள் தங்கள் ஊர் ஃபின்னிஷ் மொழியில் மெதுவாகப் பாடினார்கள். வைனோ ஹஸ்கெட் அம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லாட்டி இவ தனியா என்ன பண்ணியிருப்பா?" என்று அழுதான். அவள் அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

கீழே இறங்கும்போது ஹில்யாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி அவள் முணுமுணுத்தாள்.

"பெரிய பொய் சொல்லிட்டே பொண்ணே. எத்தனை நாளைக்குத் தாங்குவே?"

"தெரியலைம்மா."

"ஒருநாள் கோபத்துல வாயைவிட்டு வந்துடும்."

"வராம பாத்துக்கணும்."

லொவேனா அவர்களை ஏற்றிக்கொண்டு வளைகுடாவுக்குள் திரும்பியது. மேல்தளத்தில் யாரும் பாடவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராக வைனோவிடம் வந்து தோளைத் தொட்டார்கள். வந்தவர்களிடமெல்லாம் அவன் ஒன்றையே சொன்னான்.

"அரை நாள்தான்டா. வலி காலையிலேயே வந்திருந்தா நாம நின்னு ஏத்தியிருப்போம். நிக்காமலா போயிருப்போம்? ஹில்யா, நீயே சொல்லு."

ஒவ்வொரு தடவையும் அவன் திரும்பி அவளைப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் ஹில்யா தண்ணீரைவிட்டுக் கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள். "நின்னிருப்பீங்க."